பன்னிரண்டு பெட்டிகள்

இஜ்ஜாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் என்று தகாதிர் மலையூரே சொல்லும். ஊர் சொல்வதில் பொய் இல்லை. நகல் எடுக்க வருகிறவன் அடையாள அட்டையைக் கசக்கிக் கொண்டுவந்தால் கோபம். பிறந்த தேதியைக் கேட்டால் "சுமாரா அறுவடை சமயம்" என்று சொல்கிறவர்மேல் கோபம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த கோபம் அவளுக்கே புதிது. வாயில் வைத்த ரொட்டித் துண்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவளுடைய தட்டச்சுக் கடை நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. அலுவலகத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டிய மகப்பேறு இல்லத்தை மறுநாள் காலை பத்து மணிக்குக் கவர்னர் வந்து திறப்பதாக ஏற்பாடு. அகாதீர் நகரத்திலிருந்து வந்த வண்டி பெயர்க்கல்லை இறக்கிவிட்டுப் போயிற்று. கொத்தனார் பீஹி அதை வாசல் சுவரில் பதித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இஜ்ஜா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள்.

வெள்ளைப் பளிங்கு. மேல் வரி அரபியில், ஒரு குறையும் இல்லை. கீழ் வரி பிரெஞ்சில், அதிலும் குறையில்லை. நடு வரி எங்கள் பேச்சுக்கு உரிய எழுத்தான திஃபினாக்கில் இருக்கவேண்டும். அங்கே இருந்தது இதுதான்:

□□□□□□ □ □□□□□

காலிப் பெட்டிகள். ஒரே அளவு, ஒரே ஆழம். வெட்டினவன் வேலையில் சுத்தமானவன். பெட்டியின் விளிம்புக்குக் கறுப்புச் சாயம்கூடப் பூசியிருந்தான். "ரக்கூஷ் இல்லம்" என்று இருக்கவேண்டிய வரி அது; எங்கள் பேச்சில் இல்லம் முதலில் வரும், நடுவில் 'உடைய' என்னும் ஒற்றை எழுத்து, பெயர் கடைசியில். ரக்கூஷ் இஜ்ஜாவின் அம்மா.

"நல்லா வந்திருக்கு இல்ல, லல்லா இஜ்ஜா?" என்றார் பீஹி, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா' போட்டு.

எழுத்து எங்கே என்று கேட்டாள். பீஹி கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"இதான எழுத்து? நம்ம எழுத்து வட்டமும் கோடும் கட்டமுமாத்தான இருக்கும்?"

பீஹியைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பிறந்ததிலிருந்து அவர் பேசுவது எங்கள் பேச்சுதான். அதை எழுதினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. சாலைப் பலகைகளிலும் அலுவலக வாசல்களிலும் நடு வரியில் ஏதோ வடிவம் இருக்கும், அது நம்முடையது என்று மட்டும் தெரியும். ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பீஹி மாதிரிதான். இஜ்ஜாவுக்கு அதுவும் கோபம், ஆனால் அது பழைய கோபம்.

அவளுக்கு அந்த எழுத்து சும்மா வந்துவிடவில்லை. கடை போட்ட புதிதில் கணினியில் திஃபினாக் கிடையாது. கூட்டல் குறியை ஒரு எழுத்தாக, ரோமன் வட்டத்தை இன்னொரு எழுத்தாக, நெட்டுக் கோட்டை மூன்றாவதாக வைத்து, கிரேக்கத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி ஒப்பேற்றினாள். பார்வைக்குச் சரியாக இருக்கும். கணினிக்கு அது கூட்டலும் வட்டமும் கோடும்தான். பிறகு உலகத்து எழுத்துகளையெல்லாம் வரிசைபோட்டு எண் கொடுத்து வைத்திருக்கிற பெரிய அட்டவணையில் திஃபினாக்குக்கும் இடம் கிடைத்த செய்தி வந்தது. இஜ்ஜா அந்த எழுத்துருவைத் தேடி இறக்கி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மனப்பாடம் செய்தாள். அதே அட்டவணையில் இதயம், நட்சத்திரம், பிறை, தொலைபேசி எல்லாம் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதும் அவளுக்கு அத்துபடி. கல்யாண அழைப்பிதழுக்கு இரண்டு புறா வேண்டும் என்று ஒருவன் கேட்டால், எந்தப் புறா, பறக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்பாள்.

அம்மாவின் பெயரைச் சுவரில் ஏற்ற அவள் மூன்று வருடம் அலைந்தாள். ரக்கூஷ் பழைய மருத்துவச்சாலையில் தரை துடைத்தவள். பனிக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டு டாக்டர் வரமுடியாத நாட்களில் ஊரின் பிரசவங்களைப் பார்த்தவளும் அவள்தான். ஒரு துத்தநாகத் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். தகாதிரில் இன்று நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அந்தத் தொட்டியில்தான் முதல் குளியல் குளித்தார்கள். துடைப்பம் பிடித்தவள் பெயரையா வைப்பது என்று நகராட்சிச் சபையில் ஒருவர் கேட்டபோது இஜ்ஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் அந்த மனிதர் பிறகு வாயே திறக்கவில்லை. கடைசியில் பெயர்த் தீர்மானம் நிறைவேறியது. நடு வரியை இஜ்ஜாவே தட்டச்சு செய்து, பென் டிரைவில் போட்டு, தாளிலும் அச்சடித்து நகராட்சி எழுத்தர் லஹ்பீபின் கையில் கொடுத்தாள்.

ஆக, இப்போது யாரிடம் போகவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

லஹ்பீபும் அவளும் ஒரே தெருவில் ஒரே வருடம் பிறந்தவர்கள். நீ, வா, போ என்றுதான் பேச்சு. ஆனால் அன்று அவள் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஆண்களுக்கு மரியாதையாகப் போடும் 'ஸீ'யைப் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஸீ லஹ்பீப், கொஞ்சம் வெளிய வர்றீங்களா? உங்களுக்கு ஒரு கல்லு காட்டணும்."

"நீ 'வர்றீங்களா'ன்னு கேட்டாலே ஏதோ வம்புன்னு எனக்குத் தெரியும்," என்றான் லஹ்பீப். ஆனாலும் எழுந்து வந்தான்.

கல்லின் முன்னால் நின்று பார்த்தான். அவனுக்கும் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளை எரித்தது. இது எழுத்தே இல்லை, கணினிக்கு எழுத்துரு தெரியாவிட்டால் எழுத்துக்குப் பதிலாக ஒரு காலிக் கட்டத்தைக் காட்டும், அதைப் போய்க் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. என்ன நடந்தது என்பதைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் அவனிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது. பென் டிரைவை அகாதீருக்கு யார் கொண்டுபோவது என்று அவன் கோப்பை மட்டும் கைபேசியில் அனுப்பியிருக்கிறான். தாளை மேசை இழுப்பறையில் வைத்தவன் வைத்ததுதான். கல்வெட்டுக்காரன் கணினியில் அந்த எழுத்து இல்லை. ஆனாலும் அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, நடு வரியில் கட்டம் கட்டமாக வருகிறதே, சரிதானா என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?"

லஹ்பீப் தரையைப் பார்த்தான். "அந்த எழுத்து அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்."

இஜ்ஜா தலையில் அடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிற மொழி, அம்மாவைக் கூப்பிட்ட மொழி, அதற்கு முகம் எது பெட்டி எது என்று தெரியவில்லை. அரபி வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் சும்மா இருந்திருப்பாயா? பிரெஞ்சில் ஒரு எழுத்துக்குப் பதில் பெட்டி வந்திருந்தால் கல்லை வண்டியிலிருந்து இறக்கவே விட்டிருக்க மாட்டாயே? நம்முடையது என்றால் மட்டும் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லையா? தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மாவு படிந்த கையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

திறப்பு விழா முடியட்டும், புதுக் கல் வரவழைத்து மாற்றிவிடலாம், கவர்னருக்கு என்ன தெரியப்போகிறது என்று லஹ்பீப் பூசி மெழுகப் பார்த்தான். மாற்றுவது என்றால் என்ன என்று இஜ்ஜாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் நம் எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில் குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது.

"எங்கம்மா பேரு அங்க காலியா நிக்கும். வருஷக்கணக்குல நிக்கும். வர்றவன் போறவன் எல்லாம் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போவான். இத நீ செஞ்ச, லஹ்பீப். நீ."

அவன் இவ்வளவு நேரம் பொறுத்தது பெரிது. இப்போது அவனுக்கும் முகம் சிவந்தது.

"நான் மட்டுமா செஞ்சேன்? கல்லு வெட்டுறதுக்கு முன்னாடி மாதிரி அனுப்பினானே, அத உனக்கு அனுப்பல நான்? உங்கிட்ட கேக்காம செஞ்சேனா?"

கைபேசியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து மேலே போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கல்லின் மாதிரிப் படம். மேலே அரபி, கீழே பிரெஞ்சு, நடுவில் பன்னிரண்டு பெட்டிகள். அதன் கீழே இஜ்ஜாவின் பதில், இஜ்ஜாவின் பெயரில், இஜ்ஜாவின் எண்ணிலிருந்து: "நல்லா இருக்கு. வெட்டச் சொல்லு."

அவள் கைபேசியை அவன் கையிலிருந்து பிடுங்கி மறுபடி படித்தாள்.

பதில் அனுப்பிய அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளி இறுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடையில் நிற்க இடமில்லை, நகல் இயந்திரம் சூடேறி வாடை அடித்தது. கைபேசி முனகியது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். ஒன்றுமே தோன்றவில்லை. ஏனென்றால் அவளுடைய பழைய கைபேசியில் திஃபினாக் எப்போதும் பெட்டியாகத்தான் தெரியும். தங்கை தூதா பெல்ஜியத்திலிருந்து தன் விலையுயர்ந்த கைபேசியில் எங்கள் எழுத்தில் நீளநீளமாக எழுதுவாள். இங்கே அது வரிவரியாகப் பெட்டிகளாக வந்து இறங்கும். இஜ்ஜா கடைக் கணினியில் அதைத் திறந்து படித்துக்கொள்வாள். நான்கு வருடப் பழக்கம். பெட்டி என்றால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, என் கைபேசிக்குத்தான் கண் இல்லை என்று அர்த்தம். வந்தது எழுத்து அல்ல, படம். படத்தில் பெட்டி என்றால் பெட்டியேதான் என்று அந்த நெரிசலில் அவளுக்கு உறைக்கவில்லை.

எழுத்தே தெரியாதவன் ஏமாந்தான். எழுத்தை மனப்பாடமாக வைத்திருந்தவளும் ஏமாந்தாள். அவனுக்காவது தெரியாது என்ற சாக்கு இருக்கிறது.

இஜ்ஜா தெருவைக் கடந்து கடைக்குப் போனாள். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை ஒருத்தன்மேல் இருந்தது இப்போது இரண்டு பேர்மேல் ஆயிற்று, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து தன் கைபேசியையே முறைத்தாள். அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம். அடித்து என்ன செய்வது? அம்மா போய் மூன்று வருடம். அம்மாவுக்காக அவள் கேட்டது ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தன் கட்டைவிரலாலேயே அழித்துவிட்டோம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வாய்விட்டு அழுதாள். அழுதபடியே அகாதீருக்குத் தொலைபேசி செய்தாள். புதுக் கல் பத்து நாளாகும் என்றான் கல்வெட்டுக்காரன். காகிதத்தில் அச்சடித்து ஒட்டலாமா என்று பார்த்தாள். மலைக்காற்று மத்தியானத்துக்குள் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

எழுத்தை எண்ணுவது அவளுக்குத் தொழில் பழக்கம். ரப்பர் முத்திரைக்கு எழுத்து எண்ணித்தான் இடம் குறிப்பாள். வேறு செய்ய ஒன்றும் இல்லாமல், கடையில் இருந்தபடியே சாலைக்கு அப்பால் அந்தக் கல்லை எண்ணினாள். ஆறு. இடைவெளி. ஒன்று. இடைவெளி. ஐந்து. பன்னிரண்டு. ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எல்லாம் காலி. விண்ணப்பப் படிவத்தில் பெயர் எழுத விட்டிருக்கும் கட்டங்களைப் போல.

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் அம்மாவின் துத்தநாகத் தொட்டி இருந்தது, கையில் சிவப்பு எண்ணெய்ச் சாயமும் மெல்லிய தூரிகையும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவல் வாங்கிப்போன தொட்டியை யாரும் திருப்பித் தருவதில்லை என்று ஒருநாள் வெகுண்டு, என் பெயரை ஒரு தாளில் அடித்துக் கொடு என்று இஜ்ஜாவிடம் கேட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தொட்டியின் அடியில் கதவுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புச் சாயத்தால் தானே எழுதினாள். அந்த ஐந்து எழுத்தைத் தவிர அவள் வாழ்நாளில் வேறெதுவும் எழுதியதில்லை. ⵔⵇⵇⵓⵛ. இதுவும் உங்கள் கண்ணுக்குப் பெட்டியாகத் தெரிந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கல்லின் முன் ஒரு சின்ன ஏணியைப் போட்டாள். லஹ்பீப் ஓடிவந்தான். அரசாங்கக் கல்லில் கைவைக்கக்கூடாது, நகராட்சித் தலைவர் அகாதீரிலிருந்து சாயங்காலம்தான் வருவார், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய் என்று கெஞ்சினான். வேலை போய்விடும் என்றான். அது பொய்யும் இல்லை.

இஜ்ஜா ஏணியின் முதல் படியில் நின்றபடி திரும்பினாள். இம்முறை குரல் உயரவில்லை.

"நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்கு ரத்தம் நிக்கல. எங்கம்மா யார்கிட்ட அனுமதி கேட்டுட்டு வந்தா?"

லஹ்பீப் சாயக் குவளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஏணியைப் பிடித்தான். பீஹி தொட்டியைக் கவிழ்த்து அவள் பார்வைக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

முதல் ஏழு பெட்டிகளுக்குள் அவள் அச்சுத்தாளைப் பார்த்து நிரப்பினாள். கடைசி ஐந்தை அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து, கோணலைக்கூட மாற்றாமல் எழுதினாள். முதல் எழுத்தின் வட்டம் ஒரு பக்கம் நசுங்கி இருந்தது, அப்படியே நசுக்கினாள். ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் கீழே நிற்கிற லஹ்பீபிடம் அது என்ன எழுத்து என்று சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தாள். அது பாடம் அல்ல, தண்டனை. அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் கவர்னர் வந்தார். பேரீச்சையும் பாலும் கொடுத்தார்கள். திரையை விலக்கினார். வெள்ளைக் கல்லில் கறுப்புப் பெட்டிகளுக்குள் சிவப்பு எழுத்துகளைக் கண்டு புருவத்தை உயர்த்தி, இது என்ன புதுமாதிரி என்று கேட்டார். விடியற்காலையில் கல்லைப் பார்த்ததிலிருந்து பேச்சின்றி இருந்த நகராட்சித் தலைவருக்கு அப்போது வாய் திறந்தது. நம் கம்பளங்களின் கட்டங்களை மனத்தில் வைத்து, பாரம்பரிய முறையில் வடிவமைத்தது என்றார். கவர்னர் மிகவும் ரசித்தார். படம் பிடிக்கச் சொன்னார்.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற இஜ்ஜாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. லஹ்பீப் அவள் மேல்துணியின் நுனியைப் பிடித்து இழுத்தான். அவள் நிற்கவில்லை.

"அது அலங்காரம் இல்லீங்க ஐயா. ரெண்டு பேர் கவனமில்லாம செஞ்ச தப்பு. ஒருத்தர் இவர். இன்னொருத்தி நான்."

கவர்னர் சிரித்தார். கலைஞர்களுக்கே உரிய அடக்கம் என்று சொல்லி அவள் கையைக் குலுக்கினார். இஜ்ஜா அந்தக் கையைப் பிறகு எவ்வளவு நேரம் கழுவினாள் என்பதை ரொட்டிக்கடைக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. தலைவர் சொன்ன பொய் ஊரில் காலூன்றிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் ஆர்கன் கொட்டை எண்ணெய்ப் புட்டிக்குச் சீட்டு அடிக்க வந்து, எங்கள் எழுத்தில் போடு, பெட்டிக்குள் போடு என்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிக் கட்டம் போட்டார்கள். வாத்தியாரும் அதற்குச் சரி போட்டார். இஜ்ஜா ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளக் கத்தினாள். பெட்டி எழுத்து இல்லை. பெட்டி என்றால் எழுத்து இல்லாத இடம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சரி, ஆனால் பெட்டியோடு போடு என்றார்கள். புதுக் கல்லுக்கு அவள் கொடுத்த மனுவைத் தலைவர் தொடக்கூட இல்லை. கவர்னருக்குப் பிடித்த கல்லை எவன் மாற்றுவான்?

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் கெல்தூம் என்ற இளம்பெண் கடைக்கு வந்தாள். மேட்டுப்பக்கத்து ஆட்டுக்காரன் மனைவி. முதுகில் துணியில் கட்டிய குழந்தைக்குப் பத்து நாள் வயது. குழந்தையின் பெயரை ஒரு அட்டையில் பெரிதாக அடித்துத் தரவேண்டும், சுவரில் மாட்ட.

"எழுத்தச் சுத்திப் பெட்டி போட்டுத் தாங்க, லல்லா. அந்தக் கல்லுல இருக்கிற மாதிரி."

இஜ்ஜா விசைப்பலகையைத் தள்ளினாள். அவள் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னாள். பெட்டி ஒரு பிசகு என்றாள், ஒரு கிறுக்கியின் கட்டைவிரல் செய்த பிசகு என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்து எனக்கு வடிவம் சொல்லித் தராதீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கெல்தூம் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாதுதான்.

"வலி வந்து போயிட்டிருந்தப்ப நர்ஸ் வெளிய நடக்கச் சொன்னாங்க. அந்தச் சுவத்துக்கு முன்னாடிதான் நடந்தேன். பாக்கறதுக்கு அந்தக் கல்லு ஒண்ணுதான் இருந்துச்சு. ஒவ்வொரு வலிக்கும் ஒரு பெட்டி மேல எட்டி விரல வெச்சுட்டு நிப்பேன். மேல் வரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடுது, கீழ் வரி நெருக்கியடிச்சு நிக்குது, எனக்கு எது எங்க முடியுதுன்னே புரியல. நடு வரி மட்டும் ஒவ்வொண்ணும் தனித்தனியா நின்னுச்சு. கடைசி அஞ்சுல என்ன எழுதியிருக்குன்னு பெருக்குற அம்மாவக் கேட்டேன். அஞ்சாவது பெட்டியில விரல வெச்சிருந்தப்பதான் உள்ள வான்னு இழுத்துட்டுப் போனாங்க."

குழந்தைக்கு என்ன பெயர் என்று இஜ்ஜா கேட்டாள்.

"ரக்கூஷ்தான். வேற என்ன?"

பழைய பெயர். இந்தக் காலத்தில் யாரும் வைப்பதில்லை. அம்மா போனபோது அந்தப் பெயரும் ஊரைவிட்டுப் போய்விட்டது என்றுதான் இஜ்ஜா நினைத்திருந்தாள்.

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். ஐந்து எழுத்தையும் அடித்தாள். பிறகு உலகத்து எழுத்துகளின் அந்தப் பெரிய அட்டவணையைத் திறந்து, இதயங்களையும் புறாக்களையும் பிறைகளையும் தாண்டி, இதுவரை அவள் போகாத ஒரு மூலைக்குப் போனாள். எங்கேயோ இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வைத்திருக்கிறவர்கள் இதையும் வைத்திருப்பார்கள். கால்மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டே தேடினாள். குழந்தை அழுதது, கெல்தூம் பால் கொடுத்தாள். கடைசியில் கிடைத்தது. தனியாக நின்றால் ஒன்றுக்கும் ஆகாத ஒரு குறி. தனக்கு முன்னால் நிற்கிற எழுத்தைச் சுற்றி ஒரு சதுரம் கட்டுவது மட்டும்தான் அதற்கு வேலை. முதலில் சதுரம் நகர்ந்து எழுத்தின் தோளில் ஏறி உட்கார்ந்தது. எழுத்துருவை மூன்று தடவை மாற்றினாள், அளவைக் கூட்டினாள், குறைத்தாள், நடுவில் இரண்டு பேரைக் கடையிலிருந்து விரட்டினாள். ஐந்தும் ஐந்து பெட்டிக்குள் அடங்கின.

அட்டை அச்சாகி வந்தது. இஜ்ஜா அதை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கெல்தூமிடம் நீட்டினாள்.

"நான் பாத்தது போதாது. நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு."

கெல்தூம் ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையின் விரலை முதல் பெட்டியில் வைத்தாள். நிதானமாக ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஐந்தாவதில் விரல் சற்று நின்றது.

"சரியா இருக்கு, லல்லா," என்றாள். "ஒண்ணுகூட காலியா இல்ல."